கழற்றிக் காட்டினால்தான் தருவார்

“போட்டது சரி. இனிக் கழட்டிக் காட்டுங்க” என்கிறார் குளிருடுப்புக் கடை மஸீனா ராத்தா. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. எதிரே நிற்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர். கறுப்பு ஹூடியை மாட்டி, அதன் தொப்பியையும் தலைக்கு இழுத்துவிட்டு, பையில் போடச் சொல்லிவிட்டார். ராத்தா விடவில்லை. மனிதர் தலைவழியாக உருவியதும் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. “ஓம், இது சரிவராது” என்று அவரே ஒப்புக்கொண்டார். கழுத்து அகலமான இன்னொன்று அவர் தோளில் ஏறியது.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது அந்தக் கடை. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் குளிருடுப்புகள் கூரை வரைக்கும் தொங்கும். நிலைக்கண்ணாடி மட்டும் கிடையாது. “கண்ணாடி வெச்சா எல்லாரும் வடிவத்தான் பாக்குற. குளிர யாரு பாக்குற?” என்பார். அளவைக் கேட்பதற்கு முன்னால் எந்த பஸ், இறங்கி எவ்வளவு தூரம் நடை, கையில் குடை பிடிக்க முடியுமா என்றெல்லாம் கேட்பார். துணியைத் தடவிப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பார். லேசில் காய மறுக்கிற துணி மூக்குக்குத்தான் தெரியுமாம். மடவளையிலிருந்து தினமும் வருகிற இவர் இந்த விசாரணையை முடிக்காமல் யாரையும் விட்டதில்லை. பொறுமையில்லாதவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும் என்றிருப்பார்.

நானும் கோபித்துக்கொண்டு போனவள்தான். பன்வில தேயிலைத் தோட்டப் பக்கத்தில் நான் மருத்துவமாது. பிரசவித்த தாய்மாரை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது வேலை. அங்கே அடிக்கிற காற்றுக்குக் குடை ஒரு நாள்கூடத் தாங்காது. இவருடைய கேள்விகளுக்குப் பயந்து வேறொரு கடையில் அழகான ஊதா நிற ஹூடி வாங்கினேன். போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்க்கவில்லை. எனக்கு நன்றாக வேண்டும்.

முதல் வீட்டிலேயே மானம் போயிற்று. நனைந்த உடுப்போடு பச்சைக் குழந்தையைத் தூக்கக் கூடாதே என்று ஹூடியை உருவினேன். தலைமுடியை மறைத்துக் கட்டியிருந்த ஸ்காஃபும் அதில் குத்தியிருந்த ஊசிகளும் அதோடு வந்துவிட்டன. குழந்தையின் தாத்தா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், பாவம். அதற்குப் பிறகு ஹூடியை வீட்டிலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு நடந்தேன். இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்படியே இருமிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விட முடியாது என்று மேலதிகாரி சொன்னார். மழைக்காலம் முடிவதற்குள் தேறாவிட்டால் கண்டியில் மேசை வேலை. பதினான்கு வருடமாக எனக்குப் பழகிய தாய்மார், நான் எடை பார்த்த பிள்ளைகள் எல்லாம் இன்னொருத்தி கைக்குப் போகும்.

வெட்கத்தை விட்டு மஸீனா ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவழியாக உருவ வேண்டாத, முன்னால் சிப் வைத்துத் திறக்கிற ஜெக்கட் தாருங்கள் என்றேன். மறுத்துத் தலையாட்டினார்.

“சிப் ஒங்களுக்கு ஏலா மிஸ். அங்கத்த மழ காத்தோட நெஞ்சுக்குத்தான் அடிக்கிற. சிப்பால தண்ணி பூந்தா இருமல் எப்பிடிப் போகும்?”

தலைவழியாகப் போடுகிற சாம்பல் நிற ஹூடி ஒன்றை எடுத்தார். கழுத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கத்தரியால் வெட்டினார். உள்ளே நீர் புகாத துண்டொன்றை மடித்து வைத்துத் தைத்து, பிரஸ் பட்டன்கள் பொருத்தினார். பிறகு திரைக்குப் பின்னால் ஸ்காஃபோடு என்னைப் பத்துத் தடவை போட்டுக் கழற்ற வைத்தார். ஏழாவது தடவை ஓர் ஊசி மாட்டியது. தையலைப் பிரித்து இன்னும் இரண்டு விரல் இறக்கித் தைத்தார். அவர் மதியச் சாப்பாட்டுப் பார்சல் மேசையில் பிரிக்காமலே கிடந்தது. எனக்காக இப்படி யாராவது மினக்கெட்டு எத்தனை காலம் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி நூலைக் கடித்து அறுத்தார்.

மழைக்காலம் முழுவதும் அந்த ஹூடிதான். இருமல் விட்டது. போன வாரம் மேலதிகாரி என்னைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று காலையில்தான் பதினொரு நாள் பிள்ளை ஒன்றை உலர்ந்த நெஞ்சோடு அணைத்து எடை பார்த்திருந்தேன். கொட்டுகிற மழையில் பஸ்ஸால் இறங்கி நேரே கடைக்கு ஓடினேன். ஜஸாகல்லாஹ் ராத்தா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும், நீங்கள் இல்லாவிட்டால் என் பிள்ளைகள் எனக்கில்லை என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் ஹூடியின் தொப்பிக்குள் விரல்களை நுழைத்து, காதோரத்திலிருந்து பிடரி வரைக்கும் ஸ்காஃபைத் தடவினார். கையை வெளியே எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.