சதுர்த்தியன்று செய்த புரோக்கோலி சாலட்

இரண்டாயிரத்தின் தொடக்கம். நான் விரும்பிய மராத்தியரின் அம்மா, கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வந்தார்.

"நம்ம வீட்ல கை நனைக்கலேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். தன் சாதி தெரிந்ததும் தன் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்காதவர்களை வேலையிடத்தில் பார்த்தவர் அவர்.

அந்த அம்மாவுக்குப் பிடிக்குமென்று புரோக்கோலி வாங்கி அரைவேக்காடாக வேகவைத்தேன். துணியில் கட்டி நீர் வடித்த தயிரோடு கிரீமும் மிளகும் சேர்த்து அடித்துக் கலந்தேன். ருசி பார்க்கக்கூடப் பயம்.

கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இன்னைக்குச் சதுர்த்தி உபவாசம், மகளே. நிலா பார்த்துதான் சாப்பிடுவேன்" என்றார் இந்தியில்.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "டப்பாவில் போட்டுக் கொடு. இதைச் சாப்பிட்டே விரதத்தை முடிக்கிறேன்."

அவர் போனதும், "வழியிலயே கொட்டிருவாங்க" என்றார் அப்பா.

நிலா வந்தது. போன் வரவில்லை. உண்மையிலேயே கொட்டியிருப்பாரோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மணி அடித்தபோது அப்பாதான் எடுத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"மிளகு ஜாஸ்தியாம். தயிரும் புளிச்சிருச்சாம். ஆனா ஒரு துண்டு மிச்சம் வைக்கலியாம்" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.

நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார். சாப்பிட்டவரால்தானே குறை சொல்ல முடியும்?