முழங்காலுக்குக் கீழே வந்த காபி

எங்கள் ஷ்கோடர் நகரத்துச் சுவர்களில் பையன்கள் லாசர் கேலாவின் பெயரைக் கரியால் எழுதிவைத்த காலம் ஒன்று இருந்தது. கிழமை நாட்களில் புகையிலைக் கிடங்கில் மூட்டை தூக்குவான். ஞாயிற்றுக்கிழமை கோல் போடுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கால்பந்து ஆட வந்தவன் ஐந்தே வருடத்தில் எழுபத்தொரு கோல் போட்டான். பெனால்டி என்றால் கேட்கவே வேண்டாம், அவன் இடது கால் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆட்டம் முடிந்து வந்தால் காபிக்கடைச் செஸ்க் முதல் கோப்பையை அவனுக்குத்தான் கொண்டுவருவான்.

தம்பி டோனின் சும்மா இருந்திருந்தால் லாசரின் வாழ்க்கை நன்றாகவே போயிருக்கும். தாய் தகப்பன் இல்லாத அந்தத் தம்பியை வளர்த்ததே லாசர்தான். நாற்பத்தொன்பதில் டோனின் படகில் ஏரியைக் கடந்து எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டான். பத்து வருடத் தண்டனை. சதுப்பு நிலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கால்வாய் வெட்டும் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தொன்றில் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். தலைநகரத்திலிருந்து மேலிடத்தின் செல்லப்பிள்ளை அணி வந்தது. சமன் செய்தாலே பட்டம் அவர்களுக்கு. முதல் நாள் கட்சியின் ஊர்ச் செயலாளர் தோழர் ரெஃபத் லாசரைத் தன் ஆபீசுக்கு அழைத்தார். தேன் தடவிப் பேசுகிற ஆசாமி. டோனினின் உடம்பு எப்படி இருக்கிறதென்று அக்கறையாக விசாரித்தார்.

"நாளைக்கு உன் இடது காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு. ஒரு மாசத்துல உன் தம்பி வீட்ல இருப்பான்" என்றார்.

மறுநாள் லாசர் ஒப்புக்கு ஓடினான். ஆட்டம் ஒன்றுக்கொன்று சமனில் முடியப் போகிறது, பிழைத்தோம் என்று அவன் நினைத்தபோதுதான் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தான். வேண்டுமென்றே விட்டான் என்பதில் அதைப் பார்த்த எவருக்கும் சந்தேகமே இல்லை. அந்த இடது கால் அப்படித் தவறாது.

ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதமும் போயிற்று. தம்பி வரவில்லை. லாசர் ரெஃபத்திடம் போய் நின்றான்.

"நான் எப்ப என்ன சொன்னேன்?" என்றார் ரெஃபத், நாக்கூசாமல். "சொந்த ஊர் ஆட்டத்த வித்தவன் நீ. உன்மேலயும் கேஸ் போடட்டுமா?"

அதற்குள் அவனை அணியிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். ஊரும் கைகழுவிவிட்டது. காபிக்கடையில் செஸ்க் கோப்பையை மேசையில் வைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே கையை நுழைத்து நீட்டினான். மானம் போனவனுக்கு எங்கள் பக்கத்தில் காபி கொடுப்பது அப்படித்தான். லாசர் வாங்கிக் குடித்தான். எட்டு வருடம் அப்படியே குடித்தான். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்ததற்குத் தன்னை யாராவது தண்டிக்க வேண்டும் என்றிருந்தது அவனுக்கு.

டோனின் பத்து வருடத்தையும் முழுதாகக் கழித்துவிட்டு ஐம்பத்தொன்பதில் வந்தான். வாயில் பாதிப் பல் இல்லை. மறுநாளே அண்ணனோடு காபிக்கடைக்கு வந்தான். செஸ்க் தம்பியின் கோப்பையை மரியாதையாக மேசையில் வைத்தான். அண்ணனுடையதை வழக்கம்போல முழங்காலுக்குக் கீழே நீட்டினான். டோனின் எழுந்து அதைத் தட்டிவிட்டான்.

"முகாமுக்கும் அந்தப் பெனால்டி சேதி வந்துச்சு, செஸ்க்" என்றான் டோனின். "வேணும்னேதான் விட்டாருன்னாங்க. நான் ரொட்டி மேல கைவச்சுச் சத்தியம் பண்ணினேன். என்னை விட்டுடறோம்னு சொல்லியிருந்தாக்கூட எங்கண்ணன் அதைச் செய்யமாட்டாரு."

லாசர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். செஸ்க்குக்கு முகம் சிவந்துவிட்டது. புதிதாகக் காபி போட்டுக் கொண்டுவந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, லாசரின் முன்னால் மேசைமேல் வைத்தான்.

"குடிண்ணே" என்றான் டோனின்.

எட்டு வருடத்து அவமானத்தை மடமடவென்று குடித்தவனுக்கு அந்த ஒரு வாய் தொண்டைக்குள் இறங்கவில்லை. அன்றோடு லாசர் காபியை விட்டுவிட்டான். பித்தக் கோளாறு என்று தம்பியிடம் சொன்னான். அவன் அதையும் நம்பினான்.