புத்தூர் எலி

திருச்சியிலேயே கிச்சன் கப்போர்டுக்கு மேலே ஓடும் மரப்பட்டியின் மூலையை ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் முதன்முதலில் சேர்த்தவன் நான்தான். அதுவும் எட்டு வயதில். வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொள்வேன். சுத்தப் பொய். ரம்பத்தைப் பிடித்தவர் என் மாமா. எனக்கு வயதும் எட்டில்லை, பத்து. நாலாம் வகுப்பு என்னைப் பிரிய மனமில்லாமல் இரண்டாவது வருஷமும் தன்னிடமே வைத்துக்கொண்டதால், எட்டு என்று சொன்னாலும் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஆனால் அந்த மூலையில் என் தலைக்கும் ஒரு பங்கு உண்டு. படிப்புக்கு உதவாத தலை, தொங்கவிடுவதற்காவது உதவியது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஷார்ஜாவில் தச்சு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அங்கே பெரிய வீடுகளில் கப்போர்டின் மேல் விளிம்பைச் சுற்றி, வெளியே சாய்ந்த மாதிரி ஒரு பட்டி வைப்பார்களாம். மோல்டிங் என்று பெயர். கப்போர்டுக்குக் கிரீடம் சூட்டிய மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் அதை மட்டுமேதான் அறுத்தேன் என்பார். எங்கள் பொன்மலையில் ஒருவரும் நம்பவில்லை. ரயில்வே பட்டறையில் எஞ்சினையே கழற்றி மாட்டுகிறவர்களிடம் போய்க் கப்போர்டுக்குக் கிரீடம் வைப்பேன் என்றால் என்ன சொல்வார்கள்?

"வேலை தெரிஞ்சவனா இருந்தா ஷேக்கு ஏன்யா திருப்பி அனுப்புறான்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அதை வீட்டில் வந்து சொன்னதும் நான்தான். சொன்னதற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

அதனால் புத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டுச் சமையலறை வேலை மாமாவுக்குக் கிடைத்ததும் எங்கள் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புது வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கப் போகிறார். தெருவே திரண்டு வரும், கிச்சனை எட்டிப் பார்க்கும். நன்றாக இருந்தால் மாமாவுக்கு வேலைக்குமேல் வேலை. இல்லாவிட்டால் டீக்கடையில் பேசியது உண்மையாகிவிடும். பள்ளி லீவில் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த என்னையும் அம்மா மாமாவின் மொபெட்டில் ஏற்றிவிட்டாள்.

கப்போர்டுகள் எல்லாம் மளமளவென்று எழுந்து நின்றன. மோல்டிங்கிலும் ஒரே ஒரு மூலைதான் பாக்கி. நேராக வரும் பட்டி, கப்போர்டு திரும்புகிற இடத்தில் இன்னொரு பட்டியோடு சேர வேண்டும். இரண்டையும் சாய்வாக அறுத்துச் சேர்த்தால் ஒரே மரம் வளைந்து போன மாதிரி தெரிய வேண்டும். இதற்கென்று மாமாவிடம் மேலே திறந்த ஒரு நீளப் பெட்டி இருந்தது. அதன் பக்கப் பலகைகளில் சாய்வாகப் பிளவு விட்டிருக்கும். பட்டியை உள்ளே நிறுத்தி, ரம்பத்தைப் பிளவில் இறக்கி இழுத்தால் சாய்வு தானாக விழும்.

சாய்வு விழுந்தது. மூலைதான் சேரவில்லை. மாமா அறுப்பார், ஏணியில் ஏறி வைத்துப் பார்ப்பார். இரண்டு பட்டியும் சொத்துத் தகராறில் இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இறங்குவார், மறுபடி அறுப்பார். நல்ல பட்டியை அவர் தொடவே இல்லை. எல்லாம் கழிவுத் துண்டுகளில்தான். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் துண்டுகளில் நான் கத்தி செய்து, வாத்தியார் வீட்டு வாழை மரத்தோடு போர் நடத்தினேன்.

இதற்கிடையில் வாத்தியாரின் மகள். அந்த அக்கா மாதிரி கறாரான ஆளை நான் பார்த்ததே இல்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றுகொள்வார்.

"இன்னும் ஒரு நூல் விடுதுங்க."

"எங்கங்க?"

"அங்கதாங்க. நல்லாப் பாருங்க."

"நீங்க சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்."

மாமா உடனே இறங்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கை அகலத்துக்கு மூலை பிளந்து கிடக்கிறது, இவர் நூல் கணக்கு பேசுகிறாரே! போதாக்குறைக்குக் காபியில் மாமாவுக்கு மட்டும் நுரை மலை மாதிரி நிற்கும். என் டம்ளரில் ஆடைதான் மிதக்கும்.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. மறுநாள் சாமியார் வருகிறார், மூலை பிளந்தபடியே இருக்கிறது. மாமாவோ விசிலடித்துக்கொண்டு ரம்பத்துக்கு எண்ணெய் போடுகிறார். பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். என்ன செய்வதென்று தெரியாமல், கவலை வந்தால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சமையல் மேடையில் மல்லாந்து படுத்து, தலையை விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டேன்.

கிச்சன் கவிழ்ந்தது. மேல்கூரை தரையாயிற்று. கப்போர்டின் உச்சியில் இருந்த மோல்டிங் அந்தத் தரையில் வந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. அப்படியே கண்ணை உருட்டி மாமாவின் பெட்டியைப் பார்த்தேன். அதற்குள் இருந்த துண்டு இப்போது தலைகீழாக நின்றது. அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி. தலைக்குள் ரத்தமெல்லாம் இறங்கி, அதோடு சேர்ந்து ஏதோ ஒன்றும் இறங்கியது.

"மாமா! பெட்டிக்குள்ள பட்டியைக் கவுத்து வைங்க. அதோட மேல்பக்கம் பெட்டிக்கு அடியில போகணும். அப்பத்தான் சேரும்!"

மாமாவின் விசில் நின்றது.

"எந்திரிடா மொதல்ல. மேடையில படுத்துக்கிட்டு என்ன பேச்சு? போய் வாழை மரத்தை வெட்டு, போ."

"இல்ல மாமா, நெசமாத்தான்…"

"சின்னப் புள்ளைக்கு என்னங்க தெரியும்?" என்றார் அக்கா அவசரமாக.

கெட்ட நேரம், வாத்தியார் வாசல்படியில் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பெட்டியைப் பார்த்தார், கப்போர்டைப் பார்த்தார், தன் தலையையும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, பையன் சொல்றாப்ல ஒரு தடவை வச்சு அறுங்களேன். என்ன போச்சு?"

மாமா அறுத்தார். ஏணியில் ஏறி வைத்தார். இரண்டு பட்டியும் கூடப் பிறந்த மாதிரி கையைக் கோத்துக்கொண்டன. நகம்கூட நுழையாது.

"அடடே! பெரிய ஆளா வருவடா நீ. என்ன படிக்கிற?"

"நாலாவது சார்" என்றேன். எத்தனையாவது முறை என்று அவர் கேட்கவில்லை.

அக்கா ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். மாமா சின்ன ஆணிகளை அடித்து முடித்து, சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட்டார். அவ்வளவு பொறுமையாக அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. புரோட்டா வாங்கித் தருவார் என்று மொபெட்டில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கடையிலும் நிறுத்தாமல் பொன்மலை வரை ஓட்டிவிட்டார். பொறாமை. வேறென்ன இருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தீர்த்தம் தெளித்தார். தெருவே மூலையை அண்ணாந்து பார்த்து மெச்சியது. மாமாவுக்கு அங்கேயே வேறு வீடுகளில் வேலையும் கிடைத்தது. டீக்கடை அடங்கியது. அவர் மட்டும் பெரிய ஆர்டர் பறிபோனவர் மாதிரியே திரிந்தார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, வாத்தியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மூலை விட்டுப்போச்சாம்.

எனக்கு மானமே போய்விட்டது. மாமாவோ சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். தொற்றிக்கொண்டேன். அங்கே போனதும் முதல் ஆளாக ஏணியில் ஏறினேன். பட்டி நெம்பிக் கிடந்தது. ஓரத்தில் தட்டையாக ஒரு பள்ளம். அதில் தோசை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எலி!" என்று அங்கிருந்தே அறிவித்தேன். "மாவு தின்ன வாயோட வந்து கடிச்சிருக்கு சார்!"

மாமா சாக்குக்குள் முகத்தை விட்டுக்கொண்டு எதையோ தேடினார். தோள் குலுங்கியது. அக்கா இரும ஆரம்பித்து, இருமிக்கொண்டே கொல்லைக்கு ஓடிவிட்டார். வாத்தியார் ஒருவர்தான் என்னை மதித்தார். அன்றைக்கே எலிப்பொறி வாங்கி, தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தார்.

எலி விழவில்லை. மூலை மட்டும் அடிக்கடி விட்டுக்கொண்டே இருந்தது. மாமாவும் சளைக்காமல் போய் ஒட்டிக்கொண்டே இருந்தார். அந்த எலிக்குத் தேங்காய் ஏன் பிடிக்கவில்லை என்று ராத்திரியெல்லாம் யோசித்து, மசால் வடை வைக்கும்படி வாத்தியாருக்குச் சொல்லியனுப்பினேன். அடுத்த தை மாதம் அதே சாமியார் கோயிலில் மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் கல்யாணம் நடத்திவைத்தார். பந்தியில் வாத்தியாருக்குப் பக்கத்தில்தான் இடம் பிடித்தேன். மூலை இப்போதெல்லாம் விடுவதே இல்லை என்றார் அவர். "அப்ப வடைக்குத்தான் சார் மாட்டியிருக்கும்" என்றேன்.

மாமா இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். கிச்சனுக்குப் புது மோல்டிங் போட வந்தேன், காலையிலேயே முடித்துவிட்டேன். கிளம்பட்டுமா என்று கேட்டதும் மாமா பேப்பரை விரித்தார், இப்போது அத்தையாகிவிட்ட அந்த அக்கா கிச்சனுக்குள் போய்விட்டார். வாசலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த எலி விஷயம் எனக்கு எப்போது விளங்கியது என்றால்…

"டேய்! வாசல்ல உக்காந்து என்னடா பண்ற? உன் மூலை ஒரு நூல் விடுது, வந்து பாரு!"

அத்தைதான். நான் சேர்த்த மூலை, நகம்கூட நுழையாது. மாமா எதிரே பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்குகிறது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அத்தை கையில் தோசைத் திருப்பி.