பல்லக்காவின் தப்பு நட்சத்திரம்

என் மனைவிக்குத் தெருவில் பல்லக்கா என்று பெயர். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் இருபது வருடமாக வேலை. பல்லின் நிறம் பார்ப்பது அவள் பொறுப்பு. இரண்டு மாதிரிப் பற்களைப் பக்கத்தில் வைத்து, இதைவிட மங்கல், அதைவிட வெளுப்பு என்று சரியான இடத்தைச் சொல்லிவிடுவாள். என் சட்டை வெளுத்துவிட்டதா இல்லையா என்பதில்கூட அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததில்லை.

அந்தக் கண்ணோடு வானத்துக்கும் போனாள். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் இருக்கின்றனவாம். அவற்றை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஆராய்ச்சிக்காரர்களுக்கு நேரமில்லை. அதனால் பல ஊர்களில் இவளைப் போன்றவர்கள் சின்னத் தொலைநோக்கியில் பார்த்து எழுதி அனுப்புகிறார்கள். பல் பார்க்கும் அதே முறைதான். ஒளி மாறாத இரண்டு நட்சத்திரங்களை அளவாக வைத்துக்கொண்டு, மாறுவது அவற்றுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். காலணா வரும்படி கிடையாது. பதினோரு வருடம், அவள் பார்த்து எழுத எடுத்துக்கொண்ட நட்சத்திரம் தெரியும் மாதங்களில், விடியற்காலை மொட்டை மாடியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் ஒருநாள் முகம் வெளிறி இறங்கி வந்தாள். அளவு நட்சத்திரங்களில் ஒன்று மங்கியிருக்கிறது என்றாள். எது எங்கே என்று காட்டும் நட்சத்திர வரைபடத்தை எடுத்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். முதல் நாளே படத்தைத் திருப்பிப் பிடிக்காமல், பக்கத்திலிருந்த வேறொன்றை அளவென்று நம்பியிருக்கிறாள். அது லேசாகத்தான் ஏறி இறங்கியதால் இத்தனை நாள் பிடிபடவில்லை. பதினோரு வருட உழைப்பும் குப்பை என்று நினைத்தாள்.

"கமுக்கமா விட்டுடு. எத்தனையோ பேர் எழுதுறாங்க, உன்னோடத யாரு பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"பல்லு நிறம் தப்பாப் போனா கண்ணாடியப் பார்த்துட்டு ஆளு திரும்பி வந்துடுவாங்க. இது வராதுங்க. நாந்தான் சொல்லணும்."

நடந்த தப்பை விளக்கி, தன் குறிப்புகள் எல்லாவற்றையும் நீக்கிவிடச் சொல்லி, அவற்றை வாங்கி ஆராய்ச்சி செய்யும் அம்மாவுக்கு எழுதினாள். அதன்பிறகு மூன்று வாரம் மாடிப்பக்கம் போகவில்லை. வேலையிடத்தில்கூட, தான் பார்த்த நிறத்தை இன்னொருத்தியிடம் காட்டிச் சரியா என்று கேட்க ஆரம்பித்தாள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

பதில் வந்தது. எதையும் நீக்கப்போவதில்லை என்று எழுதியிருந்தார் அந்த அம்மா. எந்த இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டாள் என்பதை ஒவ்வொரு வரியிலும் இவள் குறித்திருந்தாளாம். மாறும் நட்சத்திரம் அன்றன்று எவ்வளவு ஒளியாக இருந்தது என்பது மற்றவர்களின் குறிப்புகளில் இருக்கிறது. அதைக் கொண்டு இவளுடைய வரிகளிலிருந்து அந்தத் தப்பு நட்சத்திரத்தின் ஒளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவும் ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அதை இதுவரை வேறு யாரும் கவனித்ததே இல்லை. உலகத்தில் அதற்கென்று இருப்பது இவள் எழுதிய பதினோரு வருடம் மட்டும்தான். இனிமேல் இரண்டையும் பார்த்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மூடி மறைக்கச் சொன்ன எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளுதாங்க மாறிப்போச்சு. நான் பார்த்தது சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள்.

மறுநாள் விடியற்காலை தொலைநோக்கியை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.