நான் திறந்து வைத்த கண்கள்

தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, இறந்தவர்களுக்குக் கண் திறக்கும் வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடும். மாலை போட நல்ல படம் இல்லாத வீடுகளில், உயிர் போனபின் போனில் எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். நெருங்கிய சொந்தக்காரர் யாருடைய படத்திலிருந்தாவது கண்ணை எடுத்து ஒட்டுவேன். கேட்கத்தான் ஒருமாதிரி இருக்கும். எனக்குப் பாஸ்போர்ட் படம் மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

பொழிச்சலூரிலிருந்து வந்த பெண்ணுக்குத் துபாயில் வேலை. அம்மா போன செய்தி கேட்டு வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்திருந்தது. தம்பி அனுப்பிய படம் மட்டும் போனில் இருந்தது, கண் மூடிய முகம்.

“ஆதார்ல இருக்கறது அம்மா மாதிரியே இல்லண்ணா. இதுல கண்ணைத் திறந்து குடுங்க. ஒரே ஒரு தடவை என்னைப் பாத்துட்டாங்கன்னா போதும்,” என்றாள்.

அவளுடைய பாஸ்போர்ட் படம் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, எப்போதோ எங்களிடம் எடுத்தது. அந்தக் கண்களையே எடுத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் படமாகச் சேமிப்பது என் பழக்கம். மூடிய முகம், ஒரு கண் திறந்தது, இரண்டும் திறந்தது. ஃப்ரேமோடு சிடியும் தருவது கடை வழக்கம். கடைசிப் படத்தை மட்டும் ஏற்ற வேண்டியவன், சாப்பாட்டு அவசரத்தில் ஃபோல்டரையே இழுத்துப் போட்டுவிட்டேன். டிரைவ் உறுமியது, பச்சைக் கோடு நிறைந்தது, தட்டு தானாக வெளியே வந்தது. அந்த வகை சிடியில் எழுதியதை அழிக்க முடியாது.

சிடி அவள் கைக்குப் போன மறுநாள்தான் என் மடத்தனம் புரிந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு, ஒரே படத்தோடு வேறு சிடி எழுதி அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பகலிலேயே ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. நான் கொடுத்த ஃப்ரேம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. டிவிடி பிளேயர் சிடியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக டிவியில் காட்டிக்கொண்டிருந்தது. மூடிய முகம். ஒரு கண். இரண்டு கண். மறுபடியும் முதலிலிருந்து. அந்த அம்மாள் நிதானமாகக் கண் திறந்து, எங்களைப் பார்த்து, மூடிக்கொண்டாள். தலைக்கு மேல் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு விமானம் ஒன்று இறங்க, ஷெல்ஃபில் டம்ளர்கள் நடுங்கின. எத்தனையோ கண்களைத் திறந்திருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்ப மூடி நான் பார்த்ததில்லை.

தரையில் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை.

“தப்பா எழுதிட்டேம்மா. வேற கொண்டாந்திருக்கேன். அதை நிறுத்திடலாம்,” என்றேன்.

“வேணாண்ணா. நேத்துலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். தொறக்கறப்ப அது என் கண்ணு. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு.”

திரையில் மீண்டும் மூடிய முகம் வந்தது.

“இதோ, இதுதான் எங்கம்மா,” என்றாள்.