அடகு வீட்டு அண்டா

மருமகள் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். அந்த வாசனை என்னை ஐம்பதுகளின் சங்கரன்கோவிலுக்கு இழுத்துப்போய்விட்டது.

பருத்தி பொய்த்த வருஷம், அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவை அப்பா தெருக்கோடி வட்டிக்காரர் வீட்டில் அடகு வைத்தார். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் அம்மா முந்தானையில் புளியை முடிந்துகொண்டு என்னோடு அங்கே போவாள். அண்டாவை அவர்கள் கிணற்றடிக்கு உருட்டி வந்து தேய்த்துக் கவிழ்ப்பாள். "எங்கன இருந்தாலும் நம்ம பாத்திரம். கறுத்துக் கெடக்கலாமா, ஏட்டி?" என்பாள். வட்டிக்காரர் மனைவி தண்ணீர் இறைத்துக் கொடுப்பாள்.

முதலும் வட்டியும் கட்டி முடித்த அன்று அண்டாவைத் திருப்பப் போனோம். அது முற்றத்தில் பொன்னாக மின்னியது. உள்ளே கொஞ்சம் பச்சரிசி.

"நீங்களா தேய்ச்சீய, மதினி?" அம்மா அண்டாவின் விளிம்பைத் தடவினாள்.

"வெறும் பாத்திரமா அனுப்பக் கூடாதுல்லா. கொண்டு போங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசியைச் சுளகில் கொட்டிவிட்டுப் புளியை எடுத்தாள். அப்பா சிரித்தார். "அதான் பளபளன்னு இருக்கே, இன்னும் என்னத்தத் தேய்க்கே?"

"நம்ம வீட்டுத் தண்ணியில ஒருக்கா தேய்ச்சுக்கிடுதேன்."

மருமகள் விளக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நானும் ஒருக்கா தேய்க்க, மிச்சப் புளிக்குக் கையை நீட்டினேன்.