மெம்பரின் தண்ணீர் முறை

பண்டத்தரிப்புச் சிவக்கொழுந்துக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அந்த வாயிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு மிளகாய்த் தோட்டமும் பங்குக் கிணற்றில் கால் பங்கும். மற்றப் பங்குகள் எனக்கும் நமசிவாயத்துக்கும் எங்கள் சட்டசபை மெம்பருக்கும். அந்த மனிதருக்கு வாக்குப் போட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மெம்பரை ஊரில் தேடினால் கொழும்பில் சபை என்பார்கள். கொழும்பில் தேடினால் ஊரில் அலுவல் என்பார்களாம். ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்தான் தரிசனம். அந்த வருஷம் ஆடி அமாவாசையன்றே அது கிடைத்தது. தகப்பனுக்கு விரதம் பிடித்துக் கீரிமலைக்குப் போன சிவக்கொழுந்து, மெம்பர் மடத்தில் கூட்டாளிகளோடு கடதாசிச் சீட்டு விளையாடுவதைக் கண்டாள். இப்போது சபை நடக்கிறதல்லவா என்று யாரோ கேட்க, போனாலும் போகாவிட்டாலும் சம்பளம் வரும் என்று சொல்லிச் சிரித்தாராம். ஒரு நாள் களை பிடுங்க வராத கூலிக்காரிக்கு ஒரு சதமும் கிடைக்காத ஊர் இது. ஊருக்குத் திரும்பிய கையோடு எங்களிடம் வந்து சொல்லித் திட்டித் தீர்த்தாள்.

எங்கள் கிணற்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. தூர் வாரும் நாளில் பங்காளி வர வேண்டும், முடியாவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாதவருக்கு அடுத்த முறைத் தண்ணீர் இல்லை. ஆவணியில் தூர் வாரினோம். மெம்பரும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சிவக்கொழுந்தின் மிளகாய் பூவோடு வாடி நின்றது. அது கருகினால் அடுத்த போகம் வரை அவள் வீட்டில் உலை ஏறாது. மெம்பரின் முறையை அவளுக்கே விட்டோம்.

முறை வந்த அன்று விடிய, கூலிக்கு இறைக்கும் ஏரம்பு கிணற்றின் துலா மரத்தில் ஏறி மிதிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் மெம்பரின் கார் வந்து நின்றது. தண்ணீர் தன் வெங்காயத்துக்குப் போக வேண்டும் என்றார். ஏரம்பு குடியிருப்பது அவருடைய காணியில். இறங்காவிட்டால் நாளைக்கே குடிசையைக் கிளப்பச் சொன்னார். பிள்ளைகுட்டிக்காரன் இறங்கிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

சிவக்கொழுந்து மெம்பருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சபைக்குப் போகாமலே உங்களுக்குச் சம்பளம் வருது ஐயா. அது அந்தச் சபையின்ரை வெக்கம். இஞ்சை வராதவருக்குத் தண்ணி இல்லை.”

கோட்டில் வழக்குப் போடுவேன் என்றார் மெம்பர்.

“போடுங்கோ, நான் வாறன். அங்கையாவது நீங்கள் வரவேணும்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துலாவில் ஏறினாள். எங்கள் ஊரில் பெண் துலா மிதித்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. முதல் மிதியில் கால் தடுமாறியது, ஆனால் இறங்கவில்லை. நமசிவாயம் போய்த் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்தார். நான் மண்வெட்டியோடு போய் அவளுடைய தோட்டத்துக்கு வாய்க்காலை வெட்டிவிட்டேன்.

மெம்பர் வாய்க்காலுக்குள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். விலகச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்ததும் தானாகவே விலகினார்.